திரும்பி வந்த கட்டு

ஒன்பதரைக்குத் தன் முடிச்சை எங்கே பார்த்தாலும் தெரிந்துவிடும். இடது கையில் மோதிர விரல் பாதிதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கிடங்கில் அமுக்கு இயந்திரம் மீதியை எடுத்துக்கொண்டது. அன்றைக்கே யாரோ ஒரு புண்ணியவான், “பத்துல அரை போச்சு, இனிமே நீ ஒம்பதரை” என்று சொல்ல, அந்தப் பெயர் நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அரை விரலுக்குக் கயிறு நிற்காது. அதனால் அவர் முடிச்சு எல்லாரும் போடுகிற மாதிரி வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம் திரும்பும். நுனியை உள்ளே செருகிக் கோணி ஊசியின் பின்பக்கத்தால் ஒரு குத்துக் குத்துவார். பிறகு அதை அவிழ்க்க அவரே வந்தால்தான் உண்டு.

கிடங்கில் வேலை போர்வைகளைக் கட்டுவது. பழைய போர்வை, தறியில் கழித்துப் போட்டது, ஓரம் கிழிந்தது எல்லாம் மூட்டையாக வந்து சேரும். தட்டி, மடித்து, அடுக்கி, இயந்திரத்தில் வைத்து அமுக்கி, சாக்குத்துணி சுற்றித் தைத்து, சணல் கயிறு போட்டு இறுக்கினால் ஒரு கட்டு. இடுப்புயரம் இருக்கும். நாள் முழுக்க மூக்கில் தூசி, உள்ளங்கையில் சணல் சிராய். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி கையைப் பிடித்துப் பார்த்து ஊசியால் சிராய் எடுப்பாள். அந்தப் பத்து நிமிஷம் அவர் ராஜா.

மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் மச்சினன் ஓட்டி வந்த லாரியிலிருந்து நாற்பது கட்டுகள் இறங்கின. மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. வாய் ஓயாதவன், துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் லாரி ஓட்டுகிறவன். ஒன்பதரை முதல் கட்டைத் தொட்டதும் நின்றுவிட்டார்.

“மாப்ள, இது நம்ம கட்டு.”

“நம்ம கிடங்குக்கு வேற யாரு கட்டு மச்சான் வரும்?”

“அதில்லடா. நான் கட்டினது. ரெண்டு மாசம் முன்னாடி கப்பலேறிப் போச்சே, அதே கட்டு. முடிச்சைப் பாரு. தொடவே இல்ல.”

“பிடிக்கலைன்னு திருப்பியிருப்பான்.”

“பிரிச்சுப் பார்த்தாத்தானே பிடிச்சுதா பிடிக்கலையான்னு தெரியும்?”

அதற்குள் முதலாளி குடையோடு வந்தார். “திரும்பி வந்த சரக்குதான். பழைய அட்டையை எடுத்துட்டுப் புது அட்டை வெச்சுத் தைச்சுடு. வெள்ளிக்கிழமை மறுபடி போகணும்.”

“ஏன் முதலாளி திருப்பிட்டாங்க?”

“ஏதோ ஒரு சாக்கு” என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

ஒன்பதரைக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டைப் பிரிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஆகவே பிரிக்க முடியாமல்தான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவான முடிவு உலகத்தில் யாருக்கும் கிடைக்காது என்று அவர் நம்பினார். பதினெட்டு வருஷமாகக் கயிறு பிடித்த மனிதனுக்கு எந்தக் கோளாறும் கயிற்றில்தான் இருக்கும். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வேறு முதலாளியாக இருந்தால் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். இதயத்தில் ஒரு கதவு சரியாகச் சாத்துவதில்லை, புதிது வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் சொன்ன தொகைக்கு இந்தத் தெருவையே விற்றாலும் போதாது. முதலாளி தன் காரிலேயே அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் முழுப் பணத்தையும் கட்டினார். “திருப்பிக் குடுக்கறதைப் பத்திப் பேசினா எனக்குக் கோபம் வரும்” என்றார். அறுவை நடந்த ஏழு மணி நேரமும் பெஞ்சில் ஒன்பதரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்த அண்ணன் இருந்தால்கூட நடுவில் ஒரு டீ குடிக்கப் போயிருப்பான்.

மனைவி பிழைத்து வந்தாள். வந்தவள் வேறு ஆளாக வந்தாள். நாலு படி மூச்சு வாங்காமல் ஏறினால் நன்றி, கஞ்சியில் உப்பு சரியாக இருந்தால் நன்றி, ஜன்னல் வழியாக வெயில் காலில் பட்டால் அதற்கும் ஒரு நன்றி. காலையில் எழுந்ததும் முதல் பேச்சு, “அந்த ஐயா நல்லா இருக்கணும்” என்பதுதான். கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை, சுவரிடம்கூடச் சொல்வாள்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னார்.

“அப்ப இளக்கமா கட்டுங்களேன்.”

“இளக்கினா கப்பல்ல உருண்டு பிரிஞ்சுடும். இறுக்கமாவும் இருக்கணும், இழுத்தா வரவும் செய்யணும். யோசிச்சு வெச்சிருக்கேன், ஒரு சுருக்கு முடிச்சு. ஆனா எந்த நுனியை இழுக்கணும்னு அவங்களுக்குத் தெரியணுமே.”

“எழுதி வெச்சுடலாம். என் கையெழுத்து நல்லாத்தானே இருக்கும்.”

“எழுது. ‘இந்த நுனியை இழுக்கவும்.’ அவ்வளவுதான்.”

“முகம் தெரியாதவங்க. ‘தயவுசெய்து’ போட வேணாமா?”

“போடு, போடு.”

“நம்ம எழுத்து அவங்களுக்குப் புரியுமாங்க?”

“அதுக்குத்தான் நான் படம் போடறேன்.”

நாற்பது துண்டுச் சீட்டு. அவள் எழுத எழுத அவர் ஒவ்வொன்றிலும் கயிற்றை இழுக்கிற ஒரு கை வரைந்தார். மனைவி எடுத்துப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். “நாலரை விரல் போட்டிருக்கீங்க! பயந்துடப் போறாங்க.”

“உள்ளதைத்தானே போட முடியும்?”

வெள்ளிக்கிழமை கட்டுகள் போயின. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தன. சீட்டுகள் செருகின இடத்திலேயே இருந்தன. கடல் காற்றில் கொஞ்சம் பழுத்திருந்தன, அவ்வளவுதான்.

ஒன்பதரை முதலாளியின் அறைக்குப் போய் நின்றார். சீட்டு வைத்த கதையைச் சொல்லக் கூச்சம், அதை விட்டுவிட்டு, “தப்பு என் மேலதான் முதலாளி. என் முடிச்சாலதான் சரக்கு திரும்பி வருது” என்றார். முதலாளி அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீ கட்டு. பிரிக்கறது அவங்க கவலை” என்றார். “பதினெட்டு வருஷம் உழைச்சவன் நீ. உன்னைப் பங்காளி ஆக்கலாம்னு இருக்கேன். ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

ஒன்பதரை வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். மனைவியும் குளிர்ந்துபோனாள். அந்தச் சந்தோஷத்திலேயே மூன்றாவது தடவைக்கான சீட்டுகளை அவளே சொந்தமாக யோசித்து எழுதினாள்: “மூன்றாவது தடவையாகக் கட்டி அனுப்புகிறோம். தயவுசெய்து ஒரு கட்டையாவது பிரித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் காரணம் எழுதி அனுப்பவும்.” காரணம் எழுதி அனுப்புவதற்கு விலாசம் வேண்டாமா? அடியில் வீட்டு விலாசத்தையும் எழுதினாள். நாற்பது சீட்டிலும் எழுதினாள்.

கட்டுகள் மறுபடி துறைமுகத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்து ஒரு காலையில் கதவைத் தட்டியது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். நனைந்த செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். சுங்க இலாகா அதிகாரி என்று அட்டையைக் காட்டினாள். பிறகு பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“துறைமுகத்துல உங்க கட்டுல இருந்துது. காரணம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீங்க. நேர்லயே வந்துட்டேன்.”

மனைவிக்கு முதலில் வெட்கம்தான் வந்தது. “உக்காருங்கம்மா. டீ போடட்டுமா? ஏன் பிடிக்கலையாம்?”

அதிகாரியம்மா உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது தெரிந்தது. அதை டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு ஒன்பதரையின் இடது கையைப் பார்த்தாள்.

“நீங்க கட்டினதுல என்ன இருக்குய்யா?”

“போர்வைம்மா. கழிச்ச போர்வை.”

“காகிதத்துல முதல் தரக் கம்பளின்னு இருக்கு. நூறு மடங்கு விலை. எத்தனை கட்டு?”

“நாப்பது.”

“காகிதத்துல மூணு தடவையா நூத்தியிருபது கட்டு. ஒவ்வொரு தடவையும் புது சரக்கு. திரும்பி வந்ததெல்லாம் வெளிநாட்டுல வாங்கின சரக்கு.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சரக்கு போனா அங்கேருந்து பணம் வரலாம், சரக்கு வந்தா இங்கேருந்து பணம் போகலாம். பேங்க்ல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. போர்வை யாருக்கும் வேணாம்யா. அதான் யாரும் பிரிக்கலை. பணம் எல்லை தாண்டறதுக்கு அது ஒரு சாக்கு.”

ஒன்பதரைக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்க் குத்தியது. வாழ்நாள் முழுக்கச் சாக்குத் தைத்தவர் அவர். தைத்தது இந்தச் சாக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

“அவ்வளவு பணம் எங்கம்மா போகுது?”

“போன மாசம் ரயில் நிலையத்துல குண்டு வெடிச்சுதே, டிவியில பார்த்திருப்பீங்க. பத்தொன்பது பேர். அதை வெச்ச கூட்டத்துக்குக் கை மாறிப் போன பணத்துல ஒரு வழி இந்தக் கிடங்கு. காகிதம் எல்லாம் பக்காவா வெச்சிருக்காங்க. நூத்தியிருபது இல்ல, ஒரே நாப்பதுதான், பிரிக்காமலே போய்ப் போய் வந்துதுன்னு சொல்ல உங்களாலதான் முடியும். இந்தச் சீட்டும் உங்க வாயும்தான் எனக்கு இருக்கு.”

மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் கையை வைத்தாள்.

“எனக்கு ஆபரேஷனுக்கு ஐயா குடுத்தார். அதுவும் இந்தப் பணம்தானாம்மா?”

அதிகாரியம்மா சீட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அவளுக்கு. “இருக்கலாம்மா” என்றாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் மச்சினன் ஓடி வந்தான். “கிடங்குல எல்லாத்தையும் கிளறிட்டாங்க மச்சான். பார்க்கலை, கேக்கலை, தெரியாதுன்னு மூணு வார்த்தைல முடிச்சுடுங்க. எலி வளைன்னாலும் தனி வளை வேணும். நமக்குன்னு இருக்கற வளை இந்தக் கிடங்கு ஒண்ணுதான்.” வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டதும் அவன் சமையலறைக்குள் போய்விட்டான்.

முதலாளிதான். இரண்டு நாள் முகம் மழிக்கவில்லை. வந்ததும் வராததுமாக மனைவியிடம், “மாத்திரை ஒழுங்கா போட்டுக்கறியா தங்கச்சி? ராத்திரி மாத்திரையை மறந்துடாதே” என்றார். அது நடிப்பில்லை. கதை சொல்கிறவனுக்கு இந்த இடத்தில் அவரைக் கெட்டவனாகக் காட்டிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அவர் உண்மையாகவே கேட்டார்.

பிறகு ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். போன வருஷத்துத் தேதி போட்டிருந்தது. ஒன்பதரை கிடங்கில் பங்காளி என்றும், சரக்கு அனுப்பும் பொறுப்பு அவருடையது என்றும் அதில் இருந்தது.

“இதுல ஒரு கையெழுத்து. நாளைக்குக் கேட்டா, சீட்டெல்லாம் விளையாட்டுக்கு எழுதினோம், ஒவ்வொரு தடவையும் புதுக் கட்டுதான்னு சொல்லிடு. வக்கீல் நான் வெக்கறேன். ஆறு மாசத்துல வெளிய எடுத்துடுவேன்.”

“முதலாளி, ரயில் நிலையத்துல...”

“எனக்கு அது தெரியாது. சத்தியமா தெரியாது.” அவர் காகிதத்தை மேசையில் நேராக நகர்த்தி வைத்தார். “தெரிஞ்சுக்க நான் ஆசைப்படவும் இல்ல. கட்டு போகணும், வரணும், காகிதம் நாங்க பார்த்துக்கறோம்னாங்க. யாருன்னு கேட்டப்போ, கேக்கற முதலாளிக்குக் கிடங்கு நிலைக்காதுன்னாங்க. அப்புறம் கேக்கலை.” எழுந்தார். “உன்கிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல, ஒம்பதரை.”

நிஜம்தான். கேட்டதேயில்லை. அதுதான் ஒன்பதரையின் கழுத்தில் கனத்தது. டீயைத் தொடாமலே முதலாளி போய்விட்டார்.

வெளியே வெயில் வந்திருந்தது. ஈரத் துணியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பேனா எங்கே என்று ஒன்பதரை அலமாரியில் தேடத் தொடங்கினார்.

“என்ன பண்றீங்க?”

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு எங்க அம்மா சொல்லி வளர்த்தாங்க. உப்பா போட்டார் அவர்? உயிரைப் போட்டார். ஆறு மாசம் உள்ள இருந்தா நான் செத்தா போயிடுவேன்?”

“நினைன்னுதானே இருக்கு?”

“என்னது?”

“உள்ளளவும் நினைன்னுதானே சொல்லியிருக்கு? பொய் சொல்லுன்னு இல்லியே. அவர் பழியைத் தூக்கிச் சுமன்னும் இல்லியே.” அவளுக்கு மூச்சு வாங்கியது, நின்று, இழுத்துவிட்டுக்கொண்டு பேசினாள். “நான் நினைப்பேங்க. சாகற வரைக்கும் காலையில எழுந்ததும் அவரைத்தான் நினைப்பேன். அதை யாராலயும் நிறுத்த முடியாது. ஆனா அந்தப் பத்தொன்பது பேர்ல யாரோ ஒருத்தியோட புருஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருப்பார் இல்ல? உங்களை மாதிரியேதானே உக்காந்திருப்பார்? அவர் பக்கத்துல யார் உக்காந்தா?”

“வேலை போயிடும்.”

“போகட்டும்.”

“உன் மாத்திரைக்கு?”

“அதுக்கு ஒரு வழி பண்ணுவோம். இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டு வாங்கற மாத்திரை எனக்குத் தொண்டையில இறங்காது.”

ஒன்பதரை தரையில் உட்கார்ந்து அழுதார். முதலாளிக்காக அழுதாரா, பார்க்காத அந்தப் புருஷனுக்காக அழுதாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இவள் எனக்கு மிஞ்சியிருக்கிறாள் என்ற எண்ணம் அவருக்கு அழுகையின் நடுவிலேயே வந்தது. வந்ததும் நெஞ்சு நிறைந்தது.

சமையலறையிலிருந்து மச்சினன் தலையை நீட்டினான். “அக்கா, நாப்பது கட்டையும் மூணு தடவை ஏத்தி இறக்கினது நான்தானே. என் பேரையும் சேத்துக்கச் சொல்லு. அப்புறம் மாத்திரையைப் பத்திப் பேசினீங்களே, நான் என்ன செத்தா போயிட்டேன்?” அவனுக்குக் கோபமாகப் பேசத்தான் வரும். அக்கா அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “சும்மா இரு” என்று சொல்லிவிட்டு அவன் லாரியைத் துடைக்கப் போய்விட்டான்.

மறுநாள் மூன்று பேரும் லாரியில் போனார்கள். அதிகாரியம்மாவின் அறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரோரம் நாற்பதில் ஒரு கட்டு. முதலாளி விட்டுப்போன பங்காளிக் காகிதத்தை ஒன்பதரை கையெழுத்துப் போடாமல் அப்படியே கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த மழை நாளில் வந்தது, எந்த வெள்ளிக்கிழமை போனது, முடிச்சு ஏன் இடப்பக்கம் திரும்புகிறது, சீட்டு ஏன் வைத்தார் எல்லாம் வந்தது. நேற்று முதலாளி வந்து என்ன கேட்டார் என்று சொல்லும்போது மட்டும் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். அதிகாரியம்மா எழுதி முடித்து, பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

“கையெழுத்துப் போடுங்க.”

“படிங்கம்மா.”

முழுக்கப் படித்தாள்.

“ஒண்ணு விட்டுப்போச்சும்மா. அவர் என் பொண்டாட்டியைக் காப்பாத்தினது.”

“அதுக்கு இந்த வழக்குல வேலை இல்லைய்யா. அதனால அவருக்குத் தண்டனை குறையும்னு நினைச்சீங்கன்னா...”

“குறைய வேணாம். நான் அதுக்குக் கேக்கலை.”

“அப்புறம் எதுக்கு?”

ஒன்பதரை மனைவியைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “அவர் பண்ணின கெட்டதைச் சொல்ல என்னைக் கூப்பிட்டீங்க, சொல்லிட்டேன். நல்லது பண்ணினதும் எனக்குத்தான் தெரியும். அதை விட்டுட்டுப் போட்டா நான் சொன்னது பாதிதான்மா. பாதிக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

அதிகாரியம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். கடைசி வரிக்கு மேல் கொஞ்சம் இடம் இருந்தது. குனிந்து, பொடி எழுத்தில் எழுதிவிட்டு, கடைசிப் பகுதியை மறுபடி படித்தாள்.

“‘என் மனைவி இன்று உயிரோடு இருப்பது அவர் செய்த உதவியால். அதற்கு நானும் அவளும் என்றைக்கும் நன்றி உள்ளவர்கள். மேலே சொன்னவை அனைத்தும் உண்மை.’”

“அனைத்தும்னா ரெண்டும்தானேம்மா?”

“ரெண்டும்தான்.”

ஒன்பதரை பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.